மனைவியின் முகத்தில் போட்ட கூட்டல் கணக்கு

முப்பதையும் இருபதையும் கூட்டினால் ஐம்பது வரும் என்று நம்பி, இரண்டு சன்ஸ்க்ரீன் டியூப்களை ஒரு யோகட் கோப்பைக்குள் பிதுக்கி, தேக்கரண்டியால் கலக்கி, அதை மனைவியின் முகத்தில் பூசக் கொடுத்தவன் நான். வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் மூன்று அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் சில விஞ்ஞானம்.

மனைவி கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. இருபது வருடங்களாக அவளுடைய அலுவலகம் வெயில்தான். இந்த வருடம் தொடங்கிய கையோடு மூக்குக்கு மேலாக இரண்டு கன்னங்களிலும் சிவப்பாக ஒரு தடிப்பு எழுந்தது. களுபோவில ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, லூபஸ் என்றார் டொக்டர். உடம்பின் காவல்காரனே உடம்பைப் போட்டு அடிக்கும் நோய் அது. இவள் விஷயத்தில், வெயில் பட்டால் காவல்காரனுக்கு வெறி கூடும். குளிசை, தொப்பி, நீளக் கைச் சட்டை, வெயிலை மறிக்க ஐம்பது எஸ்.பி.எஃப். கிரீம். தடிப்பு அடங்காவிட்டால் மைதானத்தை விட்டு வகுப்பறைக்குள் போய்விட வேண்டும்.

திரும்பி வரும்போது, வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கியபடி, "கரும்பலகைக்கு முன்னால நிண்டு நான் என்னத்தைப் படிப்பிக்கிறது?" என்றாள்.

கிரீம் வாங்கும் பொறுப்பை நான் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டேன். முதலில் போன கடையில் ஐம்பது இல்லை. முப்பதும் இருபதும் இருந்தன. மிச்சத்தைக் கணிதம் பார்த்துக்கொண்டது.

கொஞ்சம் அடங்கியிருந்த தடிப்பு பத்தாம் நாள் இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. டொக்டர் குளிசையைக் கூட்டிவிட்டு, கடைசியாக ஏப்ரல் நடுப்பகுதி வரை பார்ப்போம் என்றார். மனைவி என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நித்திரை வந்திருக்கும்.

அடுத்த நாள் காலை, தடயப் பொருளாக யோகட் கோப்பையையும் எடுத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்திலிருக்கும் சின்னப் பார்மசிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் வாக்குமூலத்தை முழுவதும் கேட்டாள்.

"அங்கிள், சீனி கூடின தேத்தண்ணிக்குள்ள சீனி குறைஞ்ச தேத்தண்ணியை ஊத்தினா இனிப்புக் கூடுமோ?"

"குறையும்."

"அப்ப, உங்கட முப்பதும் முப்பதா இருந்திருக்காது."

பிறகு இரக்கப்பட்டு விளங்கப்படுத்தினாள். அந்த எண் தோலைச் சுட்டெரிக்கும் கதிருக்கானது. முப்பது என்றால் முப்பதில் ஒரு பங்கு உள்ளே போகும். ஐம்பது என்றால் ஐம்பதில் ஒரு பங்கு.

"நூறு வாங்கினா?"

"நூறில ஒண்டு. ஐம்பதுக்கும் அதுக்கும் நீங்கள் நினைக்கிற மாதிரிப் பெரிய வித்தியாசமில்லை. ஒண்டும் முழுசா மறிக்காது." இன்னொரு கதிர் இருக்கிறதாம். அது அவ்வளவாகச் சுடாது. இன்னும் ஆழமாக இறங்கும், ஜன்னல் கண்ணாடிக்குள்ளாலும் வரும். அதற்குத்தான் டியூப்பில் பி.ஏ. என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறிகள் போட்டிருக்கிறார்கள். நாலு குறி இருந்தால் நல்லது. "பாத்தீங்களா, கூட்டலை அவங்களே செஞ்சு தந்திருக்கிறாங்கள். நீங்கள் கரண்டி எடுக்கத் தேவையில்லை."

நான் நம்பாதவன்போல் முகத்தை வைத்திருந்தேன் போலும். கள்ள நோட்டுப் பிடிக்கும் ஊதா விளக்கை மேசைக்கடியிலிருந்து எடுத்தாள். "கையை நீட்டுங்கோ." என் வெள்ளைச் சேட்டின் கைப்பட்டி விளக்கின் கீழ் நீலமாகச் சுடர்விட்டது. சலவைத் தூளின் வேலை என்றாள். ஒரு கண்ணாடிப் பொலித்தீன் துண்டில் ஒரு பக்கம் என் கலவையையும் மறுபக்கம் நாலு கூட்டல் குறிக் கிரீமையும் பூசி, கைப்பட்டிக்கு மேல் பிடித்தாள்.

பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே வெள்ளைப் பூச்சு. விளக்கின் கீழ், என் கலவைக்குள்ளால் நீலம் திரைச்சீலைக்குள்ளால் விடியல் வருவதுபோல் தாராளமாக வந்தது. மறுபக்கம் இருட்டு. என் சேட்டில் யாரோ ஒரு ஓட்டை வெட்டிவிட்டதுபோல் இருட்டு. பிறகு அதே நல்ல கிரீமை விரலால் தேய்த்து மெல்லிசாக்கினாள். நீலம் மெதுவாகத் திரும்பி வந்தது.

"மெல்லிசாப் பூசினா ஐம்பது ஐம்பதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளத்துக்கு வேணும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திரும்பப் பூசவேணும்."

நான் விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் சூரியனிலிருந்து எட்டு நிமிடம் ஓடி வந்து, காகிதத்தைவிட மெல்லிய ஒரு பூச்சில் முட்டி நின்றுவிடுகிறது. இதை அறியாமல் அரை நூற்றாண்டு வெயிலில் நடந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் இருமல் பாணி மருந்து வாங்க நின்றவர் கொஞ்சம் அதிகமாகவே இருமிக் காட்டினார்.

அன்றிலிருந்து கதிர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். காலையில் மனைவியின் இரண்டு விரல்களிலும் கிரீமை நானே பிதுக்கிவிட்டேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அழைப்பெடுத்து ஞாபகப்படுத்தினேன். "இஞ்சருங்கோ, பிள்ளையள் என்ர போனைப் பாடசாலை மணி எண்டு நினைக்கினம்" என்றாள்.

ஏப்ரலில் ஒரு நாள், சூரியன் இன்று கொழும்புக்கு நேர் உச்சியில் வருகிறது என்று ரேடியோ சொன்னது. அன்றுதான் அவளுடைய பாடசாலையில் மாணவிகளின் இல்ல அணிகளுக்கிடையிலான வலைப்பந்தாட்டம். லீவு போட்டுவிட்டுப் போனேன். பன்னிரண்டு மணி தாண்டியதும் வலைக் கம்பத்தின் நிழல் சுருங்கிச் சுருங்கி அடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஓடுகிற பிள்ளைகளின் நிழல்கள் அவர்களுடைய சப்பாத்துகளுக்குக் கீழே கிடந்தன. நடுவில் தொப்பியும் நீளக் கையுமாக விசிலோடு என் மனைவி. ஒரு நட்சத்திரம் நேராக அவள்மேல் நிற்கிறது, இவள் அதன் கீழ் நின்று, "கால் அசைஞ்சிட்டுது, பந்தை அங்கால குடு!" என்று கத்துகிறாள். ஆட்டம் முடியும்வரை வேலியோரத்தில் வாய் பிளந்து நின்றேன்.

அடுத்த கிழமை கிளினிக். டொக்டர் அவளுடைய முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார். கன்னங்களைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. இப்போதைக்கு கிரவுண்டை விடத் தேவையில்லை. இப்பிடியே பூசுங்கோ."

பிறகு டொக்டரின் பார்வை என்மேல் ஏறியது. என் மொட்டைத் தலையில், நெற்றியிலிருந்து உச்சி வரை சிவந்து, உருளைக்கிழங்குத் தோல்போல் உரிந்துகொண்டிருந்த இடத்தில் போய் நின்றது.

"இவருக்கு என்ன நடந்தது?"

மனைவி கிளினிக் கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்டுமில்லை டொக்டர். அவர் கிரீமைப் பற்றி வாசிச்சவர் மட்டும்தான்."