படம் வந்தால் நான் போகலாம்

என் கணவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வார்த்தை 'சாமி'. பக்கவாதம் வந்து மற்ற பேச்சையெல்லாம் அள்ளிக்கொண்டு போனபோது இதை மட்டும் விட்டுவிட்டது. முதல் நாள் ஆஸ்பத்திரியில் இது யாருக்கும் புரியவில்லை. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் பெரியவர், சின்னவர், பால்காரர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். பார்க்க வந்த ஒவ்வொருவரையும் பார்த்து அவர் "சாமி" என்றார். "பேச்சு நல்லாத்தானே இருக்குது, அப்பறம் என்ன" என்று ஆப்பிள் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் தண்ணீர் வேண்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கும் சாமி, வலிக்கிறதா என்று கேட்டதற்கும் சாமி. அப்போதுதான் நான் டாக்டரைத் தேடி ஓடினேன்.

பேச்சோடு படிப்பும் போய்விட்டது. எழுத்து கண்ணுக்குத் தெரியும், அது என்ன எழுத்து என்று மட்டும் தெரியாது. வலக்கை தொங்கிவிட்டது. மற்றபடி ஊன்றுகோலோடு நடப்பார், இடக்கையால் சாப்பிடுவார், குளியலறைக்குத் தானே போய்வருவார். ரிக் வண்டியில் வடநாடெல்லாம் சுற்றி ஆழ்துளைக் கிணறு போட்ட மனிதர், இப்போது சூரமங்கலத்தில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் உட்கார்ந்தார் என்றால் நானும் வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்தேன் என்று அர்த்தம். அடுப்பில் பாலை வைப்பேன், "சாமி". ஓடி வருவேன். மின்விசிறியா, டிவியா, தலையணையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் ஒன்றுமில்லை என்று தலையாட்டுவார். அதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்திருக்கும்.

நான் பிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை செய்தவள். காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லா பேனரும் என் கை வழியாகத்தான் போயிருக்கிறது. ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகும் சத்தம் காலையில் கேட்கும். அது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பஸ். அது போன பிறகு கொஞ்ச நேரம் யாரிடமும் பேசப் பிடிக்காது. பேச அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

கடைக்காரரும் பொறுத்துத்தான் பார்த்தார். ஒரு நாள் போன் செய்தார். "ஏங்கண்ணு, ஆவணி பொறந்தா கல்யாண பேனரு குமிஞ்சிரும். வார திங்கக்கெழமை நீ வரலீன்னா நான் வேற ஆளத்தான் போடோணும். வருத்தப்படாத."

"வந்தர்றனுங்கண்ணா," என்று சொல்லிவிட்டேன். எப்படி வருவேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா மதியம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். பார்க்கலாம், ஆனால் பகல் முழுக்க இவர் சாமி சாமி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் யார் தாங்குவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தனார் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், கூடவே இரண்டு ஜாய்ஸ்டிக். அந்தக் காலத்துக் கடைகளில் காசு போட்டு நின்றுகொண்டே விளையாடுவார்களே, அந்த வீடியோ கேம்களையெல்லாம் டிவியில் ஓட்டுகிற சாதனம். "அண்ணனுக்கு சின்னப்புள்ளைல இதுன்னா உசுருங்க அண்ணி. கைக்கும் பயிற்சியாச்சு, உங்களுக்கும் ரெஸ்ட்டாச்சு," என்று மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ரெஸ்ட். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். விளையாட்டு அவருக்குப் பிடித்தது, அதில் குறையில்லை. இடக்கையால் ஜாய்ஸ்டிக்கைத் திருப்புவார். தொங்கும் வலக்கையை இடக்கையாலேயே தூக்கிப் பட்டன்மேல் வைத்து மணிக்கட்டால் அமுக்குவார். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்து அடுத்ததற்குப் போக வேண்டுமென்றால் திரையில் ஒரு பட்டியல் வரும், வெறும் இங்கிலீஷ் பெயர்கள். படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? "சாமி." நான் வந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட வேண்டும், இதுவா, இது இல்லையா, அதுவா. முன்பாவது கூப்பிட்டால் தண்ணீரோடு முடிந்தது.

ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. தேடிப் பார்த்ததில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு படம் காட்டுவதற்கான இடம் அது என்று தெரிந்தது. ஆட்டத்தின் கோப்புக்கு என்ன பெயரோ அதே பெயரைப் படத்துக்கும் வைத்து, அதற்குரிய ஃபோல்டரில் போட்டால் போதும். படம் வந்துவிட்டால் அவரே பார்த்து எடுத்துக்கொள்வார். அவர் எடுத்துக்கொண்டால் நான் பஸ் ஏறலாம். எனக்கு ஒரே சந்தோஷம். படம் தயார் செய்வது நான் சோறு தின்கிற தொழில் அல்லவா?

இணையத்திலிருந்து எல்லா ஆட்டங்களுக்கும் படம் இறக்கினேன். பாதிக்குமேல் அழுக்குப் படங்கள். மங்கல், கோணல், ஓரத்தில் எவனோ ஒருவனின் முத்திரை. அப்படியே போட மனசு வரவில்லை. என் பழைய லேப்டாப்பில் ஒவ்வொன்றையும் திறந்து, வெட்டி, துடைத்து, நிறம் ஏற்றி, பேனருக்குச் செய்வதுபோலவே சேமித்தேன். பெயர் வைத்து உள்ளே போட்டு டிவியைப் போட்டேன்.

கட்டம் கறுப்பாகவே இருந்தது.

பெயரில் எழுத்துப்பிழையா என்று பார்த்தேன், இல்லை. ஃபோல்டர் தப்போ என்று மாற்றிப் பார்த்தேன். ஜேபெக் வகைப் படம் வேண்டாம், பிஎன்ஜி வகைதான் நல்லது என்று எங்கோ எழுதியிருந்தார்கள். கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வருகிற வால் பகுதியை மட்டும் மாற்றினேன். வால் மாறினால் ஆடு குதிரையாகுமா? பழையபடி திருப்பி வைத்தேன். இந்த மாதிரி கேம் பெட்டி வைத்திருப்பவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் கேட்டதற்கு, "உங்கள் கம்ப்யூட்டரில் படம் திறக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். பளிச்சென்று திறக்கிறது என்றேன். "அப்படியானால் இங்கேயும் வர வேண்டுமே," என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனார். வர வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

இந்த லட்சணத்தில் நடுநடுவே சாமி, சாமி. ஒருமுறை திரும்பிப் பார்க்காமலே, "சித்த நேரம் சும்மா இருங்களேன், உங்களுக்குத்தான பண்ணிட்டிருக்கறேன்," என்று கத்திவிட்டேன். அவர் சும்மா இருந்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. உங்களுக்காக என்று சொன்னது முழு உண்மை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று பட்டது. கதவு இரண்டடியில் திறந்துதான் இருந்தது. இருந்தும் மூச்சு முட்டியது.

சனிக்கிழமை மதியம் ஒரு படம் வந்தது. ஒன்றே ஒன்று. குட்டியாக, மங்கலாக, கோணலாக, ஒரு விமானம். மற்றதெல்லாம் கறுப்பு. நான் அழகுபடுத்தியது ஒன்றும் வராமல் இந்தப் பரதேசி மட்டும் எப்படி வந்தது என்று யோசித்தேன். விட்டுப்போன ஒரு ஆட்டத்துக்கு, அலுத்துப்போய் நேற்று கடைசியாகப் போட்டது அது. திறக்கக்கூட இல்லை, இறக்கியதை அப்படியே போட்டிருந்தேன்.

அதையும் என் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். இரண்டும் ஜேபெக்தான். மேலே சின்ன எழுத்தில் ஒன்றில் ஆர்ஜிபி என்றிருந்தது, மற்றதில் சிஎம்ஒய்கே என்றிருந்தது.

தலையில் அடித்துக்கொண்டேன். திரைக்கு ஒளி போதும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. அச்சுக்கு மை வேண்டும், நாலு நிறம், அதுதான் சிஎம்ஒய்கே. பிளெக்ஸ் கடையில் படத்தைத் திறந்ததும் முதல் வேலையாக நாலு நிறத்துக்கு மாற்றுவோம். மாற்றாமல் அனுப்பினால் மணப்பெண் பச்சையாக வந்து நிற்பாள். அந்தப் பழக்கத்தில் கை தானாகவே ஒவ்வொரு படத்தையும் மைக்கு மாற்றிவைத்திருக்கிறது. லேப்டாப் சமாளித்துக் காட்டிவிட்டது, அந்தக் குட்டிப் பெட்டிக்கு மை மொழி தெரியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை. என்னை இந்த வீட்டில் அடைத்துவைத்தது பாதி என் கையேதான்.

எல்லாவற்றையும் திருப்பி மூன்று நிறத்துக்கு மாற்றிப் போட்டேன். வந்தது. கார், குரங்கு, டாங்கி, சண்டைக்காரர்கள், எல்லாம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜாய்ஸ்டிக்கைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படமாக நகர்த்தினார், ஒன்றில் நின்றார், தானே அமுக்கினார். நான் சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சினேன். பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். "திங்கக்கெழம இருந்து வேலைக்குப் போறனுங்க. மத்தியானம் அக்கா வந்து பாக்கும். சாய்ந்தரம் வந்தர்றேன்." அவர் திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். சொன்னது ஏறியதா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடையில் ஒரு கிரகப்பிரவேச பேனர், இரண்டு வளைகாப்பு. நாள் முழுக்க ஒருவரும் என்னை உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிட்டு எழுப்பவில்லை. மதியம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "சாப்புட்டாரு. டிவி முன்னால அப்புடியே உக்காந்திருக்கறாரு. ஒரு தொந்தரவும் இல்ல," என்றார். பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது டிவி ஓடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தமே இல்லை. திரையில் ஆட்டம் எதுவும் நடக்கவில்லை, பட்டியல்தான் நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு படம், இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற படம், இருவர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். அவருக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் இரண்டாவது ஜாய்ஸ்டிக். பெட்டியோடு வந்ததை நான் கவர்கூடப் பிரிக்காமல் அலமாரியின் கீழ்த்தட்டில் திணித்திருந்தேன். குனிந்து, ஒற்றைக் கையால் எடுத்து, வயரையும் செருகியிருக்கிறார். பிளாஸ்டிக் கவர் தரையில் கிடந்தது. பல்லால் கடித்துக் கிழித்திருக்கிறார்.

"காலைல இருந்து இதையேவா வெச்சிட்டு உக்காந்திருந்தீங்க?"

அவர் படத்தைக் காட்டினார். நாற்காலியைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். இத்தனை மாதத்தில் அவர் சொல்ல வந்ததை நான் ஊகிக்காமலே புரிந்துகொண்டது இதுதான் முதல் தடவை. என்னைக் கூப்பிடாமல் இருக்கட்டும் என்றுதான் அத்தனை படத்தையும் போட்டுக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டுவிட்டார். பாவமாகவும் இருந்தது, கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்ததுபோல ஆத்திரமாகவும் இருந்தது.

"நாளைக்கும் போவனுங்க," என்றேன். "தெனமும் போவேன். கேக்குதுங்களா?"

கேட்கிறது என்று தலையாட்டினார். கண்ணில் நீர் நின்றது. நாற்காலியில் இருந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்து என்னிடம் நீட்டி, நான் உட்கார இடம் விட்டார்.

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்து, பட்டனை அமுக்கினேன்.