‘ஜெபத்துல வச்சுக்கிறேன்’

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. காலை டீ பிரேக். பிரஸ் ஷாப்பிலிருந்து ஏகாம்பரம் வேகமாக நடந்து வந்தார். கையெல்லாம் எண்ணெய். அதே கையால் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது மனிதர், ஸ்டோர்ஸ் வாசலில் நின்று அழுதார்.

“ரிப்போர்ட்டு வந்துருச்சு சார். ஒண்ணுமில்ல, சாதாக் கட்டிதானாம். உங்க ஜெபந்தான் சார் எம் பொஞ்சாதிய காப்பாத்திச்சு.”

இந்த இடத்தில் ஒரு யோக்கியமான மனிதன் என்ன சொல்லியிருப்பான்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? கண்களை மூடினேன். முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். “எல்லா மகிமையும் ஆண்டவருக்கே” என்றேன். குரலில் லேசாக ஒரு நடுக்கம்கூட வந்தது... எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் — ஏகாம்பரத்தின் மனைவிக்காக நான் ஒரு தடவைகூட ஜெபிக்கவில்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் என் லட்சணம் முழுசாகத் தெரியும்.

ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், ரோட்டோரத்தில் இருக்கிறது எங்கள் கம்பெனி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் சின்னச் சின்ன இரும்பு பாகங்கள் செய்கிறோம். நான் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வருகிற பீஸை அளந்து பார்த்து ஓ.கே., ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்று டப்பாவில் பிரித்துப் போடுவது என் உத்தியோகம். பல வருஷமாக இதே வேலை. பழக்க தோஷம்... மனுஷர்களையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன். எங்கள் சபைக்காரர்கள் ஓ.கே. மற்ற சபைக் கிறிஸ்தவர்கள் ரீவொர்க். மீதி உலகம்? அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஏகாம்பரம் பிரஸ் ஆபரேட்டர். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து கிராமம். கொஞ்சம் நிலம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார். மாதா மாதம் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்காமல் இருந்ததில்லை. அவரை எப்படியாவது இரட்சிப்புக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆறு மாதமாகப் பின்னாலேயே அலைந்தேன். ஏன் அவரை? பெரிய தரிசனமெல்லாம் இல்லை. கேன்டீனில் அவர் மெதுவாகச் சாப்பிடுவார். சாப்பிடுகிற மனிதன் பாதியில் எழுந்து ஓட முடியாதே.

தினமும் அவர் எதிரில் என் டிபன் பாக்ஸைத் திறப்பேன். பாவம், மன்னிப்பு, சிலுவை, நித்திய ஜீவன் — அவர் சோறு முடிவதற்குள் ஆதாமில் ஆரம்பித்து நியாயத்தீர்ப்பு வரை வந்துவிடுவேன். சட்டைப் பையில் வேத வசனம் அச்சடித்த கைப்பிரதி எப்போதும் ரெடி. அவர் ஒரு நாளும் கோபித்ததில்லை. “சரி சார்” என்பார். கைப்பிரதியை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்வார். தன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து எனக்கு வைப்பார். அந்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டே அவருடைய கோயிலை நான் குறை சொல்லியிருக்கிறேன்.

ஆடி பிறந்த சமயம் அவர் மனைவி கன்னியம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் அது சாதாரணக் கட்டியா, புற்றுநோய்க் கட்டியா என்று பார்க்க மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாளாகும். அந்த அம்மாளிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல், வேலைக்கும் வந்துகொண்டு, அந்த மனிதர் பட்ட பாடு சொல்லி மாளாது. சாப்பாட்டைத் திறப்பார், இரண்டு வாய் தின்பார், மூடிவிடுவார்.

முதல் நாளே என்னிடம் வந்தார். அரை நாள் பர்மிஷன் வேண்டும், சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். வல்லக்கோட்டைக்குப் போய், கன்னியம்மா பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொள்ள வேண்டுமாம்.

பயத்தில் இருக்கிற ஒரு மனிதன் தன் சாமியிடம் போய்வர அரை நாள் கேட்கிறான். வேறு யாராக இருந்தாலும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். எனக்கோ, ஆறு மாத உழைப்புக்கு இதுதான் அறுவடை என்று தோன்றியது.

“வேணாம் ஏகாம்பரம். இந்த ஒரு தடவை எங்க ஆண்டவர்கிட்ட விட்டுப் பாருங்க. நான் தினமும் ஜெபம் பண்றேன். வேற எங்கயும் வேண்டிக்க வேணாம்.”

அவர் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறந்ததிலிருந்து கும்பிட்ட சாமியை விட்டுவிட்டு என் வார்த்தையை நம்புவது லேசுப்பட்ட காரியமா? கடைசியில், “சரி சார். நீங்க கீறீங்க, அது போதும்” என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போனார். அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

கிறிஸ்தவ வாசகர்களுக்கு இது நன்றாகவே புரியும். நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கஷ்டத்தைச் சொன்னால் உடனே, “ஜெபத்துல வச்சுக்கிறேன்” என்போம். ‘அப்ப வரட்டுமா’ என்பது போல அது வாயில் தானாக வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பெயரை ஜெப நோட்டில் எழுத வேண்டும், அதுதான் முறை. என் ஜெப நோட்டு, ஒரு சப்ளையர் கொடுத்த 1991 டைரி. அதில் மிஷனரிகள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகள்கூட நாலைந்து இருக்கின்றன. கன்னியம்மாவை எழுத மறந்தேன்.

ஏன் மறந்தேன்? சிரிக்காதீர்கள். அந்த வாரம் சனிக்கிழமை எங்கள் சபையின் உபவாசக் கூட்டத்தில் பேசும்படி பாஸ்டர் என்னைக் கேட்டிருந்தார். இருபது நிமிஷம். தலைப்பு — ஜெபத்தின் வல்லமை.

தினமும் காலையில் ஜெபிக்கிற நேரத்தில் பீரோக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கர்சீப்பை எடுக்க வேண்டும்... எல்லாம் ஒத்திகை. என் மனைவி ஸ்டெல்லா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, கர்சீப் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது என்று திருத்தம் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம். பிரசங்கத்தில் குறை கண்டுபிடிப்பது எங்கள் கூடப் பிறந்தது.

பேச்சு பிரமாதமாக அமைந்தது. நடுவில் ஒரு வேகத்தில், என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய மனைவிக்காகப் பாரத்தோடு ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். சொல்லும்போதே உள்ளே சுருக்கென்றது. கூட்டம் முடிந்ததும் முதல் வேலையாக ஜெபித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் கஞ்சியும் துவையலும் கொடுத்தார்கள். ஆளாளுக்கு வந்து கை கொடுத்தார்கள். அந்த மிதப்பிலேயே அடுத்த வாரமும் போய்விட்டது.

அந்தப் பத்து நாளும், காலையில் நான் உள்ளே நுழையும்போது, ஏகாம்பரம் பிரஸ் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நானும் பதிலுக்கு ஆட்டுவேன். அவர் என்ன கேட்கிறார், நான் எதற்கு ஆமாம் சொல்கிறேன் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அழுது முடித்த ஏகாம்பரம் அடுத்த குண்டைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் சபைக்கு வரப்போகிறாராம். சாரின் ஜெபம் செய்த காரியத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். அப்போதாவது வாயைத் திறந்தேனா? சாயங்காலம் நேரே பாஸ்டரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் ஒதுக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அரிசி களைந்த கையோடு என்னையே பார்த்தாள். குடும்ப ஜெபத்தில் தினமும் என் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவள் அல்லவா?

“உள்ளதச் சொல்லுங்க. அந்த அம்மாவுக்காக நீங்க ஜெபிச்சியளா?”

சுற்றி வளைத்தேன். வியாதியில் இருக்கும் எல்லோரையும் குணமாக்கும் என்று தினமும் பொதுவாக ஜெபிக்கிறோமே, அந்த ‘எல்லோரில்’ கன்னியம்மாவும் அடங்கத்தானே வேண்டும் என்றேன். அடடா, என்ன மூளை எனக்கு! ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அந்த மனிதர் உங்கள் பேச்சை நம்பித் தன் கோயிலுக்குக்கூடப் போகாமல் இருந்தாரே என்று மட்டும் சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஏகாம்பரம் சபைக்கு வர மாட்டார். இத்தனை நாள் பேசியது அத்தனையும் போச்சு. சபையில் என் பெயர் நாறும். சொல்லாமல் விட்டால்? ஒரு ஆத்துமா ஆண்டவரிடம் வரும்... ஆனால் என் பொய்யைப் பிடித்துக்கொண்டு வரும். அளவு தப்பின பீஸுக்கு மேலே பெயின்ட் அடித்து ஓ.கே. டப்பாவில் போடுகிற ஆளை நானே எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்!

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் ஏகாம்பரத்தைப் பிடித்தேன். ஜெபிக்கவே இல்லை, மறந்துவிட்டேன், நேற்று உங்களிடம் நடித்தேன் — மூன்றையும் சொன்னேன். வசனம் எதையும் துணைக்குக் கூப்பிடவில்லை.

அவர் முகம் மாறியது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக என்மேல் கோபம்.

“பத்து நாளு சார். எங்க முருகன்கிட்டகூட சொல்லல. சார் கீறாருன்னுதானே இருந்தேன்.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நான் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, கிளம்பியும் போய்விட்டது. அழுகை வந்தது. கர்சீப்பைத் தேடினால், அன்றைக்கென்று பார்த்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கன்னியம்மாவுக்காக முதல் தடவையாக ஜெபித்தேன். ரிப்போர்ட் வந்த மறுநாள்! ஆண்டவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

ஞாயிறு காலை பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், சாட்சி நேரத்தில் நீங்களே எழுந்து சொல்லிவிடுங்கள் பிரதர் என்றார். முதல் பாட்டு முடிவதற்குள் வாசலில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரமும், மெலிந்துபோன கன்னியம்மாவும். வர மாட்டார் என்று நினைத்தவர் எதற்கு வந்தார்? எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கவா? வாங்கினாலும் நியாயம்தான்.

எழுந்து நின்று சொன்னேன். போன வாரம் இதே இடத்தில் நின்று, பாரத்தோடு ஜெபிக்கிறேன் என்று சொன்னது பொய் என்றேன். அன்றைக்குக் கண்ணைத் துடைத்தவர்கள் இன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ஏகாம்பரம் எழுந்தார். மைக் பக்கம் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

“சார் மறந்துட்டேன்னாரு. கோவம் வந்துச்சு. வூட்ல இவகிட்ட சொன்னேன். சரி, நீ இன்னா பண்ணேன்னு கேட்டா. நான் தெனம் மெஷினு ஆன் பண்றதுக்கு முன்னாடி கும்புட்டுகினு சொல்லுவேன். ஏசு சாமி, எங்க சார் உன்கிட்ட ஒண்ணு கேட்டுகினு கீறாரு, அவரு பேச்ச தட்டிராதேன்னு. பத்து நாளும் சொன்னேன். அவரு ஒண்ணுமே கேக்கலன்னு எனக்கு இன்னா தெரியும்? சாமிக்குத் தெரியுமில்ல. தெரிஞ்சும் செஞ்சிருக்குது. அதுக்கு நன்றி சொல்லணும்ல, அதான் வந்தோம்.”

பாஸ்டர் ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜெபத்தின் வல்லமை பற்றி இருபது நிமிஷம் பேசினவன் நான். இந்த மனிதர் ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

அவர் சபையில் சேர்ந்துவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் வல்லக்கோட்டைக்குப் போனார்கள். பத்து நாள் அங்கே ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாராம், முருகன் கோபித்துக்கொண்டிருப்பாராம். போய் வாருங்கள் என்று பஸ் ஏற்றிவிட்டேன். என் நம்பிக்கை மாறிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. இரட்சிப்பு கிறிஸ்துவிடம்தான் என்று இன்றும் நம்புகிறேன், ஏகாம்பரத்திடமும் சொல்வேன். ஆனால் அவர் கேட்டால் சொல்வேன். அதுவும் சாப்பிட்டு முடித்த பிறகு.

கன்னியம்மாவுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடியும் டெஸ்ட் பண்ண வேண்டுமாம். அதற்கும் நான்தான் ஜெபிக்க வேண்டும் என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டார். வேறு ஆளா கிடைக்கவில்லை என்று கேட்டேன். ஆனால் இந்தத் தடவை மனுஷன் உஷார். தினமும் ஷிப்ட் பெல் அடிப்பதற்கு முன்னால், நெற்றி நிறைய விபூதியோடு என் மேஜைக்கு வந்து நிற்கிறார். “ஆச்சா சார்?”

நேற்று, ‘இன்னும் ஆகவில்லை’ என்றேன். பெல் அடித்துவிட்டது. அவர் மெஷினுக்குப் போகவில்லை. நான் கண்ணை மூடித் திறக்கிற வரைக்கும், கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.