தோல்ஷாப்புத் தயிர்

பேகம்பூரில் பிரியாணிக்கடை வைத்திருக்கும் ஹஸ்ஸான் எனக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. தயிர் வாங்கிய காசு. அவன் அதை எப்படித் தந்தான் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் இஷாக். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோல் பதனிடுகிற ஷாப்பில், தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவன். ஷாப்பை மூடியபோது மற்றவர்கள் திருப்பூருக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. சாணார்பட்டிப் பக்கத்து எருமைப்பால் வாங்கி வீட்டிலேயே தயிர் போட்டேன். எவனும் சொல்லித்தரவில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சி, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் கலக்கி, பானையைப் பழைய சால்வையால் சுற்றி வைப்பேன். அவ்வளவுதான். காலையில் பானையைக் கவிழ்த்தாலும் விழாது. திண்டுக்கல்லில் அப்படித் தயிர் போட அன்றும் ஆள் இல்லை, இன்றும் இல்லை.

ஹஸ்ஸான் இரண்டு மாதம் வாங்கினான். தயிர் வெங்காயத்துக்கு என் தயிர்தான். காசு கேட்டுப் போனேன். மத்தியான நேரம், மேசையெல்லாம் ஆள். நான் கொண்டுபோயிருந்த தயிர்ப் பானைக்குள் மூக்கை விட்டு, சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"இஷாக் பாய், தயிர்ல தோல் ஷாப்பு வாடை வருதே! ஆட்டுத்தோலையும் சேத்து உறை ஊத்துறீகளா?"

கடையே சிரித்தது. ஒருத்தர் தயிர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வாடைக்கெல்லாம் காசு குடுக்க முடியாது பாய். போங்க" என்றான்.

அதோடு முடியவில்லை. தெரு முழுக்க 'தோல்ஷாப்புத் தயிர்' என்று பேர் விழுந்தது. வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. என் மனைவி ஷமா, "அல்லா பாத்துக்குவான், விடுங்க" என்றாள். அல்லா பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன் என்றேன். அந்தக் காசை அதே கடையில், ஆட்கள் பார்க்க, அவனே என் கையில் எண்ணி வைக்க வேண்டும். வேறு எந்த விதத்திலும் வாங்க மாட்டேன்.

விற்காத தயிரைக் கொட்ட மனசில்லை. மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் வடிந்து வெண்ணெய் போல நின்றது. என் மகள் மஹ்ஜபீன் அப்போது பாக்கெட் பாஸ்தாவை வேகவைத்துக்கொண்டிருந்தாள். "அத்தா, கிரீம் விக்கிற விலைக்கு நம்மால ஆகாது. இதைப் போட்டுப் பாப்பமா?" என்றாள். முதல் தடவை அடுப்பில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். திரிந்து தண்ணீரும் கட்டியுமாய்ப் போனது. மறுநாள் சட்டியை இறக்கிவைத்து, ஆவி அடங்கிய பிறகு தயிரைக் கலந்தேன். பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி, நெய்யில் சிவக்க வதக்கிய பூண்டு, இடித்த மிளகு. வழுவழுவென்று ஒட்டிக்கொண்டது. மஹ்ஜபீன் சட்டியை வழித்துத் தின்றாள்.

வீட்டு வாசலில் மேசை போட்டு விற்றேன்; கல்லூரி விடுதிப் பிள்ளைகள் தேடி வர ஆரம்பித்தார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவன் என்ன பேர் போட என்று கேட்டான். "தோல்ஷாப்புத் தயிர், தோல்ஷாப்பு பாஸ்தா" என்றேன். அவன் முழித்தான். "எழுதுடா, பெரிசா எழுது" என்றேன். ஹஸ்ஸான் கடையிலிருந்து பார்த்தால் கண்ணில் குத்துகிற மாதிரி மாட்டினேன்.

போன வருஷம் அவன் மகளுக்கு நிச்சயம் முடிந்து, சம்பந்தி வீட்டார் செம்பட்டியிலிருந்து விருந்துக்கு வந்தார்கள். விருந்து அவன் கடையிலேயே. மாப்பிள்ளையின் தங்கச்சிகள், "இங்க தோல்ஷாப்பு பாஸ்தா நல்லாருக்குமாமே, அதுதான் வேணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்களாம். என்னிடம் வரக் கூச்சப்பட்டு, கடைத் தயிரை வாங்கி அவன் சமையல்காரனை விட்டே கொதிக்கிற சட்டியில் ஊற்றவைத்திருக்கிறான். என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பள்ளிவாசலில் அந்திக்கு மஃரிப் பாங்கு சொல்லி முடித்த நேரம், ஹஸ்ஸான் என் வாசலில் வந்து நின்றான். சட்டையெல்லாம் வேர்வை.

"பாய், கட்டித்தயிர் கொஞ்சம் குடுங்க. பிள்ளைக காத்துக்கிட்டு இருக்குதுக."

"பொழுது சாஞ்சிருச்சேப்பா. வெளக்கு வச்சப்பறம் எங்க வீட்டுலருந்து தயிர் சும்மா வெளிய போகாது. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் பாய். காசு கையில வச்சா குடுக்கலாம்ல? எம்புட்டு?"

இந்த வார்த்தை அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

"இன்னிக்கித் தயிருக்கு முந்நூறு. அதுக்கு முன்னாடி நாலாயிரத்து இருநூறு."

அவன் முகம் செத்துப்போனது. பையில் கைவிட்டான்.

"இங்க வேணாம். ஒன் கடையில வச்சுக் குடு. நானே தயிரைத் தூக்கிக்கிட்டு வாரேன்."

"சம்பந்தி இருக்காங்க பாய். மானத்தை வாங்காதீங்க."

"என் மானத்தை நீ எங்க வச்சு வாங்குன?"

பையிலிருந்து கையை எடுத்தான். பானையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவன் பின்னால் வந்தான். கடைக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே இருந்தார்கள். பானையை நடுமேசையில் வைத்து மூடியைத் திறந்தேன்.

"மோந்து பாரு ஹஸ்ஸானு. என்ன வாடை வருது?"

குனிந்தான். சம்பந்தி, "என்னப்பா, தயிர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சம்பந்தி" என்றான் ஹஸ்ஸான், தரையைப் பார்த்துக்கொண்டு. "நல்ல தயிரு. எப்பவும் நல்ல தயிருதான்."

"சத்தமாச் சொல்லு. அன்னிக்கி நல்லாச் சத்தம் வந்துச்சே."

"நல்ல தயிரு!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். வலது கையை விரித்து நீட்டினேன். சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த கை. ரேகையே அழிந்துபோன கை. அவன் கல்லாவைத் திறந்து, ஐந்நூறு ஐந்நூறாக எட்டுத் தாள் எண்ணி வைத்தான். அதன்மேல் இருநூறு. வைத்துவிட்டுத் திரும்பினான்.

கையை நான் மூடவில்லை.

"இன்னிக்கித் தயிரு?" என்றேன்.

திரும்பவும் கல்லாவுக்குப் போய், மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து வந்து, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தான்.