சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சான்றிதழ்

2005-இல், ராணுவத்துக்குக் கருவிகள் செய்யும் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. போலீஸ் விசாரணை முடிந்தால்தான் சேர முடியும். 'போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்ததுண்டா?' என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். கஞ்சாவிலிருந்து மீள ஆறு மாதம் மறுவாழ்வு மையத்தில் கிடந்தவன் நான். கூசாமல் 'இல்லை' என்று எழுதினேன்.

விசாரிக்க வந்த ஏட்டு, மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரையே பார்த்தார். மையத்தில் கொடுத்த சான்றிதழை அம்மா கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். தினமும் பார்த்துப் பார்த்து, அது அங்கே இருப்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது.

உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்த அம்மா, "எம்புள்ள அத வுட்டு மூணு வருஷம் ஆவுது சார்" என்றாள் பெருமையாக.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "உண்மைய எழுதியிருந்தா மேல யோசிச்சாவது பார்த்திருப்பாங்க. பொய் எழுதிட்டியேப்பா, இனிமே உன்ன எப்படி நம்புவாங்க?"

வேலை போனது. அதுகூட ஆறிவிட்டது. ஏட்டு போனதும், எல்லாம் தன்னால்தான் கெட்டது என்று நினைத்து, உப்பு பூத்த கையால் அம்மா அந்தச் சட்டத்தைக் கழற்றினாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை.