செவர்லே நகராத நாள்

மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடி முற்றத்தில் நீல நிறத்தில் நீளமான பழைய அமெரிக்கச் செவர்லே ஒன்று நிற்கும். அதன் சொந்தக்காரர் என்னைப் போலப் புலம்பெயர்ந்து வந்த தமிழர், பஸ் ஓட்டுநர். உயரமானவர், காதோரம் மட்டும் நரைத்தவர். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இடுப்பில் கட்டிக் கிழிந்த சாரத்தின் துண்டால் அதன் பம்பரைத் துடைப்பார்.

மின்சாரக் கார்களுக்குச் சார்ஜர் பூட்ட அந்த இடம் வேண்டும் என்று குடியிருப்புச் சபை முடிவெடுத்தது. தமிழில் சொல்லிப் பார்க்கும்படி என்னை அனுப்பினார்கள்.

"அண்ணை, இதை வித்துப்போட்டுக் கரண்ட் கார் ஒண்டு வாங்கலாமே?"

"கிழமை முழுக்கக் கரண்ட் பஸ்தானே ஓட்டுறன் தம்பி. ஞாயிறு என்ரை."

"இது எந்த ஆண்டு வாங்கினது?" எனக்கு எதற்கும் ஆண்டு வேண்டும்.

"ஆண்டு ஆருக்குத் தெரியும்? எங்கடை வீட்டிலை எல்லாம் அமெரிக்கன் கார்தான். புயிக் வைச்சிருக்கேக்கை மூத்தவள் பிறந்தவள். ஃபோர்ட்டிலை சின்னவன் பள்ளிக்கூடம் போனவன். மனுசி கடைசியாய் ஆஸ்பத்திரிக்குப் போனது இதிலை. இந்த ஆள் காரை எடுக்கமாட்டானாம் எண்டு போய்ச் சொல்லும்."

சொன்னேன். சபை இளகவில்லை.

வேலையாட்கள் வந்த காலையில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காருக்குள் இருந்தார். பின்சீற்றில் லீவு போட்டு வந்த மகளும் மகனும். முன்னால், அவருக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. மத்தியானம் வரை எவரும் இறங்கவில்லை. மற்ற இடங்களில் சார்ஜர் கம்பங்களை நட்டுவிட்டு வேலையாட்கள் போய்விட்டார்கள்.

அந்த வரிசையில் இன்றும் ஒரு கம்பம் குறைகிறது. சார்ஜர் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், தேதிக்கு முன்னால் என் வாயில் வருவது 'செவர்லே நகராத நாள்' என்பதுதான்.