ஈரம் படாமல் வைக்க வேண்டிய தூண்டில் தக்கை

காலை ஒன்பதரை மணிக்கு விருதுநகர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நசநசவென்று தூறல். என் பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு பாலித்தீன் பை, அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு அட்டை டப்பா. டப்பாவுக்குள் ஒரே ஒரு தூண்டில் தக்கை. கைக்குழந்தையைக்கூட இவ்வளவு சுற்றிக் கொண்டுபோக மாட்டார்கள். எல்லாம் அப்பாவின் ஏற்பாடு.

சேரன்மகாதேவியில் ஆற்றங்கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். எண்பது வயதாகியும் அப்பா தூண்டிலை விடவில்லை. ஆனால் கண் மங்கிவிட்டது. மஞ்சள் தக்கை போட்டாலும் பச்சை போட்டாலும் தண்ணீரில் அவருக்குத் தெரிவதில்லை. இந்தச் சிவப்புத் தக்கை ஒன்றுதான் தெரிகிறது. அதிலும் இப்போது வார்னிஷ் உரிந்து, கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் குடித்துச் சாய்ந்துவிடுகிறது. இது போனால் அவர் தூண்டிலைச் சாத்தி வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதை அவரும் தாங்க மாட்டார், நாங்களும் தாங்க மாட்டோம். அதனால் இதே கடையில் இதே மாதிரி இன்னொன்று வாங்கிவரப் புறப்பட்டேன்.

டப்பாவின் மேல் ஒட்டிய லேபிளில் ஒரு மீன் துள்ளுகிறது. ‘தூண்டில் கடை, பஜார், விருதுநகர்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரியைக் கறுப்பு மை பூசி மறைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே, ‘ஈரம் படாமல் வைக்கவும். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்.’

தண்ணீரில் போடுகிற சாமானுக்கு இப்படி ஒரு எச்சரிக்கை. ஆனால் அப்பா அச்சில் வந்ததை நம்புகிறவர். நாற்பது வருடமாக, ஆற்றிலிருந்து வந்ததும் தக்கையைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவார். எங்கள் கையில் அதைக் கொடுத்ததே இல்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. இந்தப் பயணத்துக்காகத்தான் முதல்முறையாகத் தொட்டேன். “காட்டிட்டு அப்படியே திருப்பிக் கொண்டாந்துரணும்ல. நனைச்சிராத” என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார்.

பத்தரை மணி. பஜாரில் இரண்டு சுற்று சுற்றியும் தூண்டில் கடையைக் காணோம். மிளகாய் வற்றல் நெடியில் தும்மினதுதான் மிச்சம். ஒரு பரோட்டாக் கடையில் தோசைதான் இருந்தது, எண்ணெய் பரோட்டா சாயங்காலம்தானாம். பெருத்த ஏமாற்றம். கல்லாவில் இருந்தவரிடம் டப்பாவைக் காட்டினேன்.

“அண்ணாச்சி, அந்தக் கடை இங்கன இருந்து போயி ரொம்ப வருசமாச்சு. இந்த ஊர்ல குடிக்கத் தண்ணி கெடைக்கவே பாடு, இதுல மீனுக்கு எங்க போறது? கடைக்காரரு மக இப்ப வெம்பக்கோட்டைல வச்சிருக்காக. டேமுக்குப் போற வழி. இன்னொரு தோசை வைக்கவா?”

வைக்கச் சொன்னேன்.

விருதுநகரிலிருந்து சிவகாசி இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. அங்கே வெம்பக்கோட்டை பஸ் மாறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். பக்கத்து இருக்கையில் கால்களுக்கு நடுவே மூங்கில் தூண்டிலை நிறுத்திப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் மாரிச்சாமி, ஊர் தாயில்பட்டி, பட்டாசுக் கம்பெனியில் வேலை. பின்னாலும் நாலைந்து தூண்டில்கள் தெரிந்தன. என்ன விசேஷம் என்று கேட்டேன்.

“சீசன் முடிஞ்சு கம்பெனி பூட்டிருக்காக. அடைமழைல மருந்து எங்க காயும்? எங்களுக்கு லீவு விடுற நேரமும் ஆத்துல தண்ணி வாற நேரமும் ஒண்ணு. வருசம் பூரா வெடி, இந்த ஒரு மாசம் கெளுத்தி” என்று சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டில் மக்காச்சோளம் நனைந்துகொண்டிருந்தது. நடுநடுவே பூட்டிய பட்டாசு ஆலைகள். இந்த வறண்ட சீமையில் தூண்டில் கடைக்கு என்ன வேலை என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த எனக்குப் பாதி விடை பஸ்ஸிலேயே கிடைத்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு மாரிச்சாமியே கடை வாசலில் கொண்டுவிட்டார். தகரக் கூரைக் கடையில் திருவிழாக் கூட்டம். நைலான் நூல், முள், மடக்குத் தூண்டில் எல்லாம் தொங்கின. நடுவே ஒரு தாம்பாளம் நிறைய, பளீரென்று சிவப்புத் தக்கைகள். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கல்லாவில் இருந்த பெண்தான் ஜெயராணி, பஜாரில் கடை வைத்திருந்தவரின் மகள். டப்பாவை வெளியே எடுத்தேன். அவர் பாதி எண்ணிய சில்லறையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

“இது எங்கன கெடச்சது ஒங்களுக்கு?”

அப்பா பஜாரில் அதை வாங்கிய நாளிலிருந்து கதையைச் சொன்னேன். அரிசிப் பானை வரும்போது கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜெயராணி சிரித்ததில் கண்ணில் நீரே வந்துவிட்டது.

“அண்ணாச்சி, அது தீப்பெட்டி லேபிளு. எங்கய்யா சிவகாசியில அச்சாபீஸ் வச்சிருந்தாரு. ஒரு தீப்பெட்டிக் கம்பெனி மீன் படம் போட்டு ஆர்டர் குடுத்துச்சு. சனங்க வாங்கல. மீன் போட்ட தீப்பெட்டி நமத்துப் போயிருக்கும்னுட்டாக. கம்பெனி மிச்ச லேபிள எடுக்கல. வீட்டுல உத்தரம் வரைக்கும் மீனு. எங்கம்மா, ‘இம்புட்டு மீன வச்சுக்கிட்டு மீன் கடைதான் வைக்கணும்’னு ஏசுனா. எங்கய்யா தூண்டில் கடை வச்சிட்டாரு.”

வெடிக்குச் சுற்றுவதுபோலக் காகிதத்தைக் குழாயாகச் சுற்றி, அச்சாபீசில் மிஞ்சிய சிவப்பு மையைப் பூசி, மேலே வார்னிஷ் அடித்தால் தக்கை. தீப்பெட்டிக்கான அட்டையிலேயே டப்பா. இன்றைக்கும் லீவில் இருக்கிற தொழிலாளிகள்தான் சுற்றிக் கொடுக்கிறார்கள். சும்மா இருந்தால் கை நமநமவென்கிறதாம்.

“மறைச்ச வரில என்ன இருந்துச்சு?”

“இத்தன குச்சின்னு இருந்துச்சு. அம்மாதான் ஒக்காந்து மை பூசுனா. கீழ இருந்தத, ‘இத எவன் படிக்கப் போறான்’னு விட்டுட்டாளாம்.”

“எங்கப்பா படிச்சாரு” என்றேன். கடை மறுபடியும் அதிர்ந்தது.

மாரிச்சாமி ஒரு புதுத் தக்கையை மாட்டி, அணைக்குக் கீழே வைப்பாற்றில் வீசிக் காட்டினார். எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினேன். கரை மங்கியது, ஆளும் மங்கினார், அந்தச் சிவப்பு மட்டும் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முங்கியது. கெளுத்தி. நான் சின்னப் பையன்போலக் கை தட்டினேன்.

தக்கை ஒன்று இருபது ரூபாய். பத்து எடுத்தேன். ஜெயராணி அவற்றை ஒரு புது டப்பாவில் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. அப்பாவின் தக்கையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“காயிதத் தக்க ரெண்டு மழைக்குத்தான் தாங்கும். துடைச்சுக் காய வச்சதாலதான் இது இருக்கு. எங்கய்யா கையால சுத்துனது எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல, அண்ணாச்சி. இத எனக்குத் தருவீகளா?”

 தந்துவிட மனம் துடித்தது. ஆனால் அது என்னுடையதா? அப்பாவைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். புதுத் தக்கை கிடைத்ததைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் கேட்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். 

“புதுசும் அதே செவப்புதானால?”

“அதே செவப்புதான்பா.”

“அப்பம்னா குடுத்துட்டு வா. அவ அப்பன் செஞ்சதுல்லா. ஈரம் படாம வைக்கச் சொல்லு.”

ஜெயராணி அப்போதே அதைச் சேலை முந்தானையால் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

திரும்புகிற பஸ்ஸில் எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடுகிற கரையில் எங்களுக்கு ஒரு நல்ல தக்கை செய்யத் தோன்றவில்லை. மழைக்கு ஒரு மாதம் ஆற்றைப் பார்க்கிறவர்கள் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் வெட்கமாகவும் ரொம்ப சந்தோஷமாகவும் இருந்தது.

வீட்டில் அப்பா புது டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீப்பெட்டிக் கதையை முழுக்கச் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. “எதுக்கு எழுதுனா என்னல, எழுதுனது சரிதான?” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். புது டப்பாவில் அந்த வரி இல்லையாம், அதே இடத்தில் எழுத வேண்டுமாம். ஈரம் படாமல் வைக்கவும் என்று எழுதினேன். குழந்தைகள் சங்கதியையும் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும், டப்பாவை என் கையிலிருந்து வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.