வழியில் போட்ட தழை

மணிமொழியிடம் போய், "உன் வாழ்க்கையில் நல்ல காலம் எது?" என்று கேட்டால், கல்யாணமான வருஷத்தைச் சொல்ல மாட்டாள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் நடத்திய எட்டு வருஷத்தைத்தான் சொல்வாள். பிளைவுட் தடுப்பு, குண்டு மானிட்டர், கரண்ட் போனால் கோரஸாகக் கீச்சிடும் யு.பி.எஸ். இதில் என்னத்தைக் கண்டாள் என்று புருஷன் தனசேகரன் கேலி செய்வார். அவருக்கு என்ன தெரியும்!

பிளஸ் டூ ரிசல்ட் நாளில் கூட்டம் படிக்கட்டைத் தாண்டி ரோட்டில் நிற்கும். களமருதூரிலிருந்து காலில் சேறு காயாமல் ஓடி வந்த அப்பன்மார்கள், "இன்னாம்மா போட்டுகிது? பொண்ணு பாஸா?" என்று திரையையே விரலால் தடவுவார்கள். மற்ற நாளில் விண்ணப்பம் போட வருகிறவர்கள், எதை அழுத்துவது என்று தெரியாமல் திருதிருவென்று முழிப்பார்கள். மணிமொழி ஒருநாள் வளையல் கடைக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வந்தாள். அடுத்ததுக்குப் போகப் பச்சைப் பொட்டு, தப்பாக அடித்ததை அழிக்கச் சிவப்புப் பொட்டு என்று கீபோர்டில் ஒட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து எழுத்து தெரியாதவர்கள்கூட, "பச்சப் பொட்ட அமுக்கட்டா?" என்று தெம்பாகக் கேட்டார்கள்.

சாயங்காலம் மானிட்டர் கண்ணாடிகளைத் துடைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள். விரல் அழுக்கு எங்கே அதிகமோ, அங்கேதான் ஜனம் வழி தேடியிருக்கிறது. எந்தப் புத்தகமும் சொல்லித்தராத பாடம் அது. யார் எங்கே தடுமாறினார்கள், யார் எங்கே சிரித்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கண்ணாடியில் இருக்கும். இப்போது நினைத்தாலும் அவளுக்கு நெஞ்சு இளகிப்போகும்.

பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது, சென்டரை மூடினாள். அந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். மணிமொழி சும்மா இருக்கவில்லை, வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாள். நகைக்கடை, நர்சரிப் பள்ளி, கல்யாண மண்டபம் என்று வேலைக்குக் குறைவில்லை. மற்றவர்கள் செய்த பக்கங்களைப் பார்த்தால், "கண்ணக் கட்டிக் காட்டுல வுட்ட மாதிரி கீது" என்பாள். அவள் பக்கத்தில் படத்தைப் பார்த்தே போய்விடலாம். ஆனால் போகிறவர்களின் முகத்தைத்தான் பார்க்க முடிவதில்லை. வீட்டு அறையில் அவளும் லேப்டாப்பும் மட்டும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு டிரஸ்ட், கல்வராயன் மலைக்கு மாதம் ஒருமுறை மருத்துவ வண்டி விட ஆரம்பித்தது. எந்த ஊரிலிருந்து பதினைந்து பேராவது பெயர் கொடுக்கிறார்களோ அங்கேதான் வண்டி போகும். பெயர் கொடுப்பதற்கான வெப்சைட்டை மணிமொழி செய்து கொடுத்தாள். டிரஸ்ட் ஊருக்கு ஒரு போன் கொடுத்தது. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் போன் பொன்னாயியிடம் இருந்தது. சாமை விதைக்கிற பெண்மணி, பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஆனால் ஊர்ப் படத்தை அழுத்தி, ஆட்களின் முகத்தை அழுத்தி, மருந்து பாட்டிலை அழுத்தி, கடைசியில் பெரிய பட்டனை அழுத்தி மாதம் தவறாமல் இருபது பெயர் அனுப்பிவிடுவாள்.

போன தை மாதம் டிரஸ்டில் இதைப் பார்த்துக்கொள்ளும் இளஞ்செழியன், "பக்கம் கொஞ்சம் டல்லா கீது மேடம். பளிச்சுனு பண்ணுங்க" என்றார். மணிமொழிக்கும் ஆசைதான். மலை என்றால் பசுமை அல்லவா! கடைசிப் பக்கத்தில், பட்டனுக்கு மேலே, இலை அடர்ந்த ஒரு பச்சைக் கொப்பைக் குறுக்கே வரைந்து வைத்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. யாரையும் உட்கார வைத்துக் காட்டவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அங்கேதான்.

பங்குனியில் இளஞ்செழியன் போன் செய்தார். "மேடம், பொன்னாயி ஊர்லேர்ந்து ரெண்டு மாசமா ஒரு பேருகூட வரல. அந்த போனும் எடுக்க மாட்டேங்குது. நாளைக்கி அஞ்சு மணிக்குள்ள வரலன்னா அந்த ஊரயே லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவாங்க."

பக்கத்தைப் பத்து முறை சோதித்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. மறுநாள் விடிந்ததும் கச்சிராயபாளையம் வழியாகப் போகும் முதல் பேருந்தில் ஏறி, வெள்ளிமலையில் இறங்கி, மிச்சத்தை நடந்தாள். பொன்னாயி வாய் நிறைய, "வாங்க யம்மா" என்று கூப்பிட்டு மோர் கொடுத்தாள். சுவரோரம் அவள் புருஷன் ராமன் உட்கார்ந்திருந்தார். அணைந்து கிடந்த போனை மணிமொழி தன் பவர் பேங்கில் செருகி உயிர்ப்பித்தாள்.

"அக்கா, நீங்க எப்பவும் பண்றா மாதிரியே பண்ணுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் மணிமொழி. அப்படி ஒருவர் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எத்தனை வருஷம்! பழைய மாடி அறையின் வாசனையே வந்துவிட்டது போலிருந்தது.

விரல் தடுமாறவில்லை. ஊர், முகங்கள், மருந்து பாட்டில். கடைசிப் பக்கம் வந்ததும் விரல் சட்டென்று பின்வாங்கியது. பொன்னாயி போனை மடியில் வைத்துவிட்டாள்.

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க?"

"தழ போட்டுகிதே, பாக்கலியா?" என்றாள் பொன்னாயி. "காட்டுல வழி ரெண்டா பிரியற எடத்துல, முன்ன போறவங்க ஒரு கொப்ப ஒடிச்சி போவக்கூடாத வழியில குறுக்க போட்டுட்டுப் போவாங்க. பின்னால வரவங்க அதத் தாண்ட மாட்டாங்க. வண்டி இனிமே இந்தப் பக்கம் வராது, கேக்காதீங்கன்னு நீங்க மரியாதையா சொல்லிட்டீங்கன்னு நெனச்சோம். அப்பறம் போனுக்கு எதுக்கு சார்ஜுன்னு வெச்சிட்டேன்."

மணிமொழி போனை எடுத்து, தான் வரைந்த கொப்பைப் பார்த்தாள்.

"வண்டில குடுத்த மாத்திர தீந்து போச்சு. இவரக் கீழ இட்டுக்கினு போயி வாங்கலாம்னேன். நல்லாத்தானே கீறேன், பிரஷர் மாத்திர இன்னாத்துக்குன்னு வர மாட்டேன்னுட்டாரு. மாசி கடைசில ஒருநாள் காலைல எழுந்திரிக்கறாரு, வலது கை வரல." பொன்னாயி கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். மணிமொழிக்கு அதுதான் பொறுக்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பாறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். பொன்னாயியும் கூட வந்தாள். மணி மூன்றரை.

"அக்கா, இந்தப் பக்கமா வாங்கன்னு சொல்ல நீங்க இன்னா வெப்பீங்க? சொல்லுங்க, அதையே வரஞ்சிடறேன்."

பொன்னாயி சிரித்துவிட்டாள். "வாங்கன்றதுக்கு இன்னாத்துக்கு அடையாளம்? வழி சும்மா கெடந்தா போவலாம்னு அர்த்தம்."

மணிமொழி கொப்பை அழித்தாள். அதே கையோடு, அழகுக்கென்று வைத்திருந்த மேகத்தையும் பறவையையும் அழித்தாள். பட்டன் மட்டும் தனியாக நின்றது. பொன்னாயி தயங்காமல் அழுத்தினாள். நாலே முக்காலுக்குள் இருபத்துமூன்று பெயர் போய்ச் சேர்ந்தன.

அடுத்த வியாழக்கிழமை வண்டி வந்தது. யாரும் கூப்பிடாமல் மணிமொழியும் அதில் ஏறி வந்திருந்தாள். முதல் பெயர் ராமன். பொன்னாயி தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தவர், மணிமொழியைக் கண்டதும் நின்றார்.

"யம்மா, தழைய எடுத்துட்டீங்களாமே. ரொம்ப நல்லது" என்று கும்பிட்டார். ஒரு கைதான் எழும்பியது. மற்றது வேட்டியோடு ஒட்டிக் கிடந்தது. மணிமொழி இரண்டு கையையும் கூப்பினாள். கண்ணீரைத் துடைக்க வேண்டும் என்றாலும் அந்தக் கைகளைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.